வெற்றிக்கு விழா, வீரருக்கு உண்டியலா?

ஜூலை 26 அன்று காலை எந்தச் செய்தித் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் திராஸ் தெரியும். டோலோலிங் மலையடிவாரத்தில் இருக்கும் கார்கில் போர் நினைவிடம், மலர்வளையம் வைக்கும் அமைச்சர், விறைப்பாக நிற்கும் தளபதிகள், பின்னணியில் ஒரு தேசபக்திப் பாட்டு. மறுநாள் நாளிதழ்களிலும் அதே படம். பிறகு டிசம்பர் 7 வரும், போகும். மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில், ‘படைவீரர் கொடிநாள் நிதி வசூலை உண்டியலில் பணம் செலுத்தி ஆட்சியர் தொடங்கிவைத்தார்’ என்று நான்கு வரி இருக்கும். படம் போட்டிருந்தால் அதில் ஆட்சியரும் உண்டியலும், ஓரமாகச் சில முன்னாள் படைவீரர்களும் இருப்பார்கள்.

இரண்டுமே நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைக்கும் நாட்கள்தான். ஆனால், முன்னது நாம் வென்ற ஒரு போரின் நாள். பின்னது எந்தப் போரோடும் ஒட்டியதல்ல. எந்த எல்லையில், எந்த ஆண்டில், எப்படி இறந்திருந்தாலும் எல்லாப் படைவீரருக்கும் அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களுக்கும் உரிய நாள் அது. முன்னதற்கு விழா எடுக்கும் நாம், பின்னதை உண்டியலோடு முடித்துக்கொள்கிறோம். நம் அஞ்சலியின் குணம் இந்த ஓரவஞ்சனையிலேயே தெரிந்துவிடுகிறது. நாம் நினைவுகூர்வது பெரும்பாலும் வெற்றியைத்தான். அந்த வெற்றியின் பக்கத்தில் இறந்தவர்கள்மீது அதன் வெளிச்சம் கொஞ்சம் படுகிறது. வெற்றியில்லாத இடத்தில் இறந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

தேதி இல்லாத மரணங்கள்

நம் நாட்காட்டியைப் புரட்டினால் இது தெளிவாகும். 1971-இல் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த டிசம்பர் 16-க்கு விழா உண்டு. கார்கில் மலைகளை மீட்டெடுத்த ஜூலை 26-க்கு விழா உண்டு. 1962 சீனப் போருக்கு அப்படி ஒரு நாள் நாடு தழுவி இல்லை. கார்கிலில் நாம் பறிகொடுத்தது 527 பேரை. 1962-இல் இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக இழந்தது 3,000-க்கும் மேற்பட்டோரை. லடாக்கின் ரெசாங் லாவில் அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று, மேஜர் சைத்தான் சிங் தலைமையில் குமாவுன் ரெஜிமென்ட்டின் கம்பெனி ஒன்று பின்வாங்க மறுத்துப் போரிட்டது. அதில் 100-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பனி மூடிக் கிடந்த அவர்களின் உடல்கள் சில மாதங்கள் கழித்துத்தான் கண்டெடுக்கப்பட்டன. ராணுவ வட்டாரத்துக்கு வெளியே அந்தத் தேதி யார் நினைவிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் வடஇந்தியாவில் ஒலிபெருக்கிகள் தவறாமல் பாடும் பாட்டு, கவி பிரதீப் எழுதி, 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் நேருவின் முன்னால் லதா மங்கேஷ்கர் பாடியது. தோற்றுப்போன ஒரு போரில் இறந்தவர்களுக்கான இரங்கல் அது. பாட்டு நின்றுவிட்டது. யாருக்காகப் பாடப்பட்டதோ அவர்கள் பாட்டிலிருந்து நழுவிவிட்டார்கள்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான, இன்னும் சங்கடமான உதாரணம் இந்திய அமைதிப் படை. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த அந்தப் படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கார்கில் எண்ணிக்கையைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். 1987 நவம்பர் 25 அன்று அங்கே இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. சென்னை ஆற்காடு சாலையில் படையினருக்கான ஒரு குடியிருப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தினமும் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

அந்தப் படையின் கடைசி அணி 1990-இல் சென்னைக்குத் திரும்பியபோது, வரவேற்கப் போவதற்கு அன்றைய முதல்வர் மு.கருணாநிதி மறுத்தார். அந்த மறுப்புக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நடந்த கொலைகள் உட்பட, அமைதி காக்கப் போன படையின் கைகளில் ஈழத் தமிழர்கள் பட்ட துயரத்தைத் தமிழ்நாடு மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால், அந்தப் படையை அனுப்பிய முடிவை எடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சந்துகளில் இறந்த சிப்பாய் அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. அவருடைய சாவுக்கு வருந்துவது அந்தப் போருக்கு நற்சான்று கொடுப்பது ஆகாது. அங்கே கொல்லப்பட்ட தமிழர்களுக்கு நீதி கேட்பதை அந்த வருத்தம் தடுக்கவும் தடுக்காது.

இந்தப் பிரிப்பை நாம் செய்யத் தவறியதால், அங்கே இறந்த வீரர்களை நினைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் படையில் பணியாற்றித் திரும்பிய முன்னாள் வீரர்களோடு நின்றுபோனது. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்படும் வரை, இறந்தவர்களின் பெயர்கள் அனைத்தையும் தாங்கிய தேசிய நினைவுச்சின்னம் இந்திய மண்ணில் இல்லை. அதற்கு முன்பே கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுரத்தில் இலங்கை அரசு அவர்களுக்கு ஒரு நினைவிடம் கட்டிவிட்டது.

கேமரா போன மலை, போகாத மலை

1971-இல் இறந்த இந்திய வீரர்கள் சுமார் 3,800 பேர். ஆனாலும், இன்று நம் மனக்கண்ணில் போர் என்றால் கார்கில்தான் வருகிறது. காரணம் எண்ணிக்கையில் இல்லை. கார்கில்தான் இந்தியா தன் வரவேற்பறையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்த முதல் போர். இன்னொன்றும் அப்போது நடந்தது. அதுவரை களத்தில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும்; ஊருக்குத் தந்தியும் உடைமைகளும் வரும். 1999-இல்தான் மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டிகள் பரவலாகச் சொந்த ஊர்களுக்கு வரத் தொடங்கின. ஊரே திரண்டது, கடைகள் அடைக்கப்பட்டன, ஊடகங்களும் வந்தன. படாலிக்கில் 1999 மே 29 அன்று விழுந்த மேஜர் மாரியப்பன் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனிமலையிலேயே கிடந்து, பிறகு திருச்சிக்கு வந்ததை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. அங்கே அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

இது நல்ல மாற்றம்தான். தொலைவில் எங்கோ நடந்த சாவு, தெருவுக்குள் வந்தது. ஆனால், கேமரா எதைப் பார்க்கிறதோ அதுதான் தியாகம் என்ற வழக்கமும் அப்போதே வேர்விட்டது. சியாச்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 ஏப்ரலில் நம் படை அங்கே ஏறியதிலிருந்து எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சரிவு ஒன்று மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த பத்துப் பேரைப் புதைத்தது. நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டியது, ஊடகங்கள் மருத்துவமனை வாசலில் தவம் கிடந்தன. பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். அத்தோடு செய்தியும் இறந்தது. அதே பனிக்கடியில் போன மற்ற ஒன்பது பேரின் பெயர்களை அவரவர் மாவட்டத்துக்கு வெளியே கேட்டால் பதில் கிடைக்காது. அந்த மலையில் எதிரியைக் காட்ட முடியாது, கொடி நாட்டும் காட்சி கிடையாது. எனவே அதற்கென்று நாடு கூடும் நாளும் கிடையாது.

இந்த வரிசையில் காவல் படையினர் இன்னும் பின்னே நிற்கிறார்கள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் பத்துக் காவலர்கள் கொல்லப்பட்ட அக்டோபர் 21 ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. காவல் துறை மைதானங்களுக்குள் தொடங்கி அங்கேயே முடியும் நாள் அது. புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று 40 மத்திய ரிசர்வ் காவல் படையினர் இறந்தபோது தேசமே கொந்தளித்தது. அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனால், 2004-க்குப் பிறகு அத்தகைய படைகளில் சேர்ந்தவர்கள், ராணுவத்தினருக்கு இருக்கும் பழைய ஓய்வூதியம் தங்களுக்கும் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்ப் போராடியது எந்தத் தொலைக்காட்சியின் இரவு விவாதத்தையும் கொந்தளிக்க வைக்கவில்லை.

அழுதால் தெய்வம், பேசினால் துரோகி

புல்வாமாவுக்குப் பிந்தைய வாரங்களில் ஒரு தெலுங்குச் செய்தித் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் ராணுவச் சீருடை அணிந்து, கையில் பொம்மைத் துப்பாக்கியோடு செய்தி வழங்கினார். கேலிக்கு ஆளானது அவர் ஒருவர்தான் என்றாலும், துப்பாக்கி இல்லாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் பலர். கட்சிகளும் சளைக்கவில்லை. படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2013 டிசம்பரில் சொன்ன தேர்தல் ஆணையம், 2019 மார்ச்சில் அதையே மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது. இறந்தவர் திரும்பிவந்து மறுப்புச் சொல்ல மாட்டார் என்பதுதான் இவர்கள் எல்லோருக்கும் இருக்கும் வசதி.

ஆனால், வீட்டில் இருப்பவர் பேசுவார். அப்போது என்ன நடக்கிறது? கார்கில் போர் முடிந்த சில நாட்களில் காஷ்மீரில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு கல்லூரி மாணவி, அவரைக் கொன்றது பாகிஸ்தான் அல்ல, போர்தான் என்று எழுதிய பதாகையோடு நின்ற காணொளி 2017-இல் பரவியது. அவருக்குப் பாலியல் மிரட்டல்கள் வந்தன. 2024 ஜூலையில் குடியரசுத் தலைவரிடமிருந்து கணவரின் கீர்த்தி சக்ராவைப் பெற்றுக்கொண்ட ஓர் இளம்பெண்ணின் படத்துக்குக் கீழே வந்த ஆபாசக் கருத்துகளுக்காகத் தேசிய மகளிர் ஆணையம் காவல் துறையை அணுக வேண்டியதாயிற்று. பின்னர் அவருக்கும் மாமனார் மாமியாருக்கும் இடையே இழப்பீடு தொடர்பாக எழுந்த மனத்தாங்கல், தொலைக்காட்சிகளுக்குப் பல நாள் தீனி ஆனது. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலில் கணவரான கடற்படை அதிகாரியை இழந்த பெண், முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கணவரின் உடலருகே அவர் அமர்ந்திருந்த படத்தைக் கண்ணீரோடு பகிர்ந்தவர்கள் நிறைந்த அதே சமூக ஊடகம் அவரை வசைபாடியது.

வீரரின் மனைவி அழும்வரை தெய்வம், வாய் திறந்தால் துரோகி. நாம் செலுத்துவது உண்மையான அஞ்சலியா என்பதற்கு இதைவிடத் தெளிவான உரைகல் வேண்டியதில்லை. இறந்தவருக்கு மிக நெருக்கமானவர் சொல்வதைக் கேட்கப் பொறுக்காத மரியாதை, இறந்தவருக்கான மரியாதையாக இருக்க முடியாது.

கேள்வி கேட்பதும் அஞ்சலியே

வெற்றி விழாவின் இன்னொரு கேடு, கேள்விகளை அது தின்றுவிடுவது. கார்கிலில் ஊடுருவலை நாம் ஏன் முன்கூட்டியே அறியவில்லை என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், கே.சுப்ரமணியம். அந்த அறிக்கை 2000-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் மறைக்கப்பட்டே வெளியாயின. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் இதுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. ஜூலை 26 அன்று திராஸிலிருந்து நேரலை தரும் தொலைக்காட்சிகளில் எத்தனை, அந்தக் குழுவின் பரிந்துரைகள் என்ன ஆயின என்று அன்றைக்குக் கேட்கின்றன? அந்த உயிர்கள் எதனால் போயின என்று கேட்பது வீரர்களை அவமதிப்பது என்று ஆக்கிவிட்டோம். உண்மையில், அடுத்த சிப்பாய் அதே தவறால் சாகாமல் இருக்க நாம் செய்யக்கூடியது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலில் இருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கள்கிழமை போரில் இறந்தவர்களுக்கான நாள். நீண்ட வார இறுதியும் தள்ளுபடி விற்பனையும் அதை விழுங்கிவிட்டன என்று முன்னாள் படைவீரர்கள் அங்கே நெடுங்காலமாகக் குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆனால், ஊடகம் என்ன செய்யலாம் என்பதற்கும் அங்கேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 ஏப்ரல் 30 இரவு ஏபிசி தொலைக்காட்சியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சியில் டெட் கோப்பல், இராக்கில் இறந்த 700-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். திரையில் அவர்களின் படங்கள் வந்தன. இசை முழக்கமோ நிபுணர் விவாதமோ கிடையாது. அதையே அரசியல் என்று குற்றஞ்சாட்டி, சின்க்ளேர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் தன் நிலையங்களில் அதைக் காட்ட மறுத்தது. போர்க்கைதியாக இருந்து மீண்ட செனட்டர் ஜான் மெக்கெய்ன் அந்த மறுப்பைக் கடுமையாகச் சாடினார். வெறும் பெயர்ப்பட்டியல் இவ்வளவு சங்கடத்தை உண்டாக்கும் என்றால், முழக்கங்களில் இல்லாத ஏதோ ஒரு வலிமை அதில் இருக்கிறது.

அந்த வலிமையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்றுப் புறப்புண் நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். வெண்ணிக்குயத்தியார் என்ற புலவர், வென்ற கரிகாலனை முன்னால் நிறுத்தி, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டது புறநானூற்றில் இருக்கிறது. வென்றவன் முகத்துக்கு நேராகத் தோற்றவனைப் பாடும் துணிவு அது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களும் இதே அறத்தைச் சொல்கின்றன. ஆநிரை கவரப் போய் இறந்தவனுக்கும் கல், மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல். யாருடைய வீரன், எந்தப் பூசலில் பட்டான் என்பதைச் சில வரிகளில் பொறித்திருக்கிறார்கள். எடுத்தனூரில் கிடைத்த கல் ஒன்றில், வீரனோடு நின்று போராடிய கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது.

டிசம்பர் 7-ஐ என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு நாளை அறிவிக்க வேண்டியதில்லை. இருக்கும் நாளே போதும். 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் குழு டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகத் தேர்ந்தது. போரில் பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்போர் மற்றும் அவர்தம் குடும்ப நலன், முன்னாள் படைவீரர் நலன் ஆகிய மூன்றும்தான் அதன் நோக்கம். நடைமுறையில் அது அரசு அலுவலகங்களுக்கு வசூல் இலக்காகச் சுருங்கிவிட்டது. ஏதோ வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனால், ரசீதோடு சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கலந்த சிறு கொடி ஒன்றைத் தருவார்கள். வாங்கியவர் எதற்கென்று கேட்பதில்லை, கொடுப்பவர் சொல்வதும் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் கொடிநாள் தேநீர் விருந்தும் நடக்கும். நிதி தேவைதான், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால், பணம் பிரியும் நாள் பெயர்களை நினைக்கும் நாளாகவும் இருக்க வேண்டாமா?

இங்கே தமிழ் நாளிதழ்களுக்கு எந்தத் தேசியத் தொலைக்காட்சிக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: மாவட்டப் பதிப்புகள். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அதன் உதவியோடு, 1947 முதல் இன்று வரை அந்த மாவட்டத்திலிருந்து போய் உயிரிழந்த படையினர், மத்திய ஆயுதக் காவல் படையினர் அனைவரின் பெயரையும் டிசம்பர் 7 அன்று அந்தப் பதிப்பில் வெளியிடலாம். பெயர், ஊர், இறந்த ஆண்டு, இறந்த இடம் போதும். கார்கிலில் இறந்தவரும் யாழ்ப்பாணத்தில் இறந்தவரும் சியாச்சினில் உறைந்தவரும் பயிற்சி விபத்தில் போனவரும் ஒரே எழுத்தளவில், ஒரே பத்தியில் வரட்டும். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், கல்லறைக் கற்களில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரே அளவில் நிற்கும் கற்களை இன்றும் பார்க்கலாம். கல்லில் முடிந்த சமத்துவம் காகிதத்தில் முடியாதா?

இரண்டாவது, செய்தியாளர்கள் இறுதிச் சடங்கோடு விலகிவிடக் கூடாது. சடங்கு நாளில் அமைச்சர்கள் அறிவித்த நிதியும் அரசு வேலையும் பள்ளிக்குப் பெயர் சூட்டும் வாக்குறுதியும் ஐந்து ஆண்டு கழித்து என்ன ஆயின என்று போய்ப் பார்ப்பது ஒரு முழுப் பக்கத்துக்கான செய்தி. கால்வான் மோதலில் 2020 ஜூன் 15 அன்று இறந்த 20 பேரில் ஒருவரான ஹவில்தார் பழனியின் ராமநாதபுரம் மாவட்டக் கிராமத்துக்கு அன்று எத்தனையோ கேமராக்கள் போயின. அத்தகைய ஊர்களுக்கு ஆண்டு நிறைவு இல்லாத ஒரு நாளிலும் ஒரு செய்தியாளர் போக வேண்டும். அங்கே குடும்பத்தினர் சொல்வது நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அச்சேற வேண்டும்.

சினிமா ஒரு மேஜர் முகுந்த் வரதராஜனை அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வீடுதோறும் கொண்டுசேர்க்க முடியும் என்று 2024-இல் ‘அமரன்’ காட்டியது. அதை வரவேற்போம். ஆனால், எல்லோருக்கும் ஒரு திரைப்படம் வாய்க்காது. ஒரு நாயகனைச் சுற்றியே கதை சொல்ல வேண்டிய கட்டாயம் சினிமாவுக்கு உண்டு, நாளிதழுக்கு இல்லை. டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் ஒவ்வொரு மாலையும் உயிர்நீத்த ஒரு வீரரின் குடும்பத்தினர் வந்து மலர்வளையம் வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒருவர் என்பது மிகச் சரியான அளவு. கூட்டமாக நினைத்தால் வெற்றி மட்டுமே கண்ணில் படும். ஒவ்வொருவராக நினைத்தால்தான் இழப்பு தெரியும். இழப்பு இன்னதென்று தெரிந்த சமூகம், தன் பிள்ளைகளை அடுத்த போருக்கு அனுப்பும் முன் அரசைப் பார்த்து இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கும். அந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதுதான் நினைவு நாட்களின் வேலை. அதற்கு ஜூலை 26-இன் ஆரவாரத்தைவிட டிசம்பர் 7 பொருத்தமான நாள். வரும் கொடிநாளில் உண்டியல் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்ப்பட்டியலையும் அச்சிட்டுத் தொடங்கலாம்.